100 சிசியிலிருந்து 350-க்கு: எப்போது மாறலாம், எப்போது வேண்டாம்

தை பிறந்து சம்பா அறுத்து, நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் எங்கள் பக்கத்தில் ரெண்டு பேச்சு ஆரம்பிக்கும். ஒன்று கல்யாணப் பேச்சு, இன்னொன்று வண்டி மாற்றும் பேச்சு. முதலாவதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இரண்டாவதில் நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலம் பக்கம். வேலை தஞ்சாவூரில், போக வர தினமும் 60 கிலோமீட்டர் சொச்சம். பத்து வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டினேன். ஒரு நாள் யாரையும் கேட்காமல் 350 சிசி வண்டி ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். 14 மாதத்தில் விற்றேன். அப்புறம் 160 சிசிக்கு இறங்கி மூன்று வருடம் ஓட்டினேன். இப்போது மறுபடியும் 350, இந்தத் தடவை ஒரு தொந்தரவும் இல்லை. இந்தச் சுற்றுவழியில் கரைந்த காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

சரி, மாட்டை விடுங்கள்.

முதல் வேலை: பழைய வண்டியைப் பாருங்கள்

"பிக்கப் இல்லை, இழுக்க மாட்டேங்குது" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். பாதிப் பேர் விஷயத்தில் அது வண்டியின் அளவுப் பிரச்சினையே கிடையாது. நம் ஊரில் அறுவடை முடிந்து ரெண்டு மாதம் காற்றில் பறப்பதெல்லாம் நெல் சுனையும் பதர்த் தூசியும்தான். கொள்முதல் நிலையத்துப் பக்கம் தினமும் போய்வருகிறவர் என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பழைய தலையணை மாதிரி இருக்கும். அதோடு தேய்ந்த கிளட்ச் பிளேட், தொங்குகிற செயின், காற்று குறைந்த டயர், பல வருடமாக யாரும் தொடாத வால்வு இடைவெளி. ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் ரெண்டு லட்ச ரூபாய் வண்டிக்குப் போவது, அடைப்பெடுக்காத வாய்க்காலை வைத்துக்கொண்டு தண்ணீர் வரவில்லை என்று மேட்டூரைக் குறை சொல்வது மாதிரி.

சர்வீஸ் முடிந்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அந்த ஒரு மாதமும் பையில் சின்ன நோட்டு ஒன்றை வைத்திருங்கள், அல்லது போனில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கியும் வண்டி போதாமல் போனது எங்கே, எத்தனை மணிக்கு, வண்டியில் எத்தனை பேர். நான் முதல் 350 வாங்குவதற்கு முன் இதைச் செய்யவில்லை. விற்ற பிறகு, 160 ஓட்டிய காலத்தில், செய்தேன். ஒரு மாதத்தில் ஐந்து தடவைகூட இல்லாமல் போனால், உங்களுக்கு வேண்டியது வண்டி இல்லை, ஆசை தீர்வது. ஆசை ஒன்றும் பாவம் இல்லை, ஆனால் அதை ஆசை என்று தெரிந்து வாங்குவது வேறு, தேவை என்று வீட்டில் சொல்லி வாங்குவது வேறு.

என் குறிப்பில் திரும்பத் திரும்ப வந்தது ரெண்டு இடம், ஸ்ப்ளெண்டரிலும் திணறியது அங்கேதான். ஒன்று, ஆடி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் ரோடு. ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து நேரே முகத்தில் வரும். வல்லம் தாண்டிச் செங்கிப்பட்டி வரைக்கும் மறைப்பே கிடையாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி மும்மடிக்கு ஏற்ப ஏறும். நீங்கள் 60-ல் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 என்றால் முகத்தில் மோதுகிற காற்றைப் பொறுத்தவரை அது 90-ல் போவது மாதிரி. ஸ்ப்ளெண்டருக்கு இருப்பது 97.2 சிசி, சுமார் 8 ஹெச்.பி. அது மூச்சு வாங்கத்தான் செய்யும், டாப் கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கி ஓட்ட வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், அப்போது மட்டும் அது என்ன அருமையான வண்டி!

இன்னொன்று, முந்திச் செல்வது. ரெண்டு வழி ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் 30-ல் போய்க்கொண்டிருக்கும், நமக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். எதிரே இடைவெளி கிடைக்கிற அந்த ஆறேழு விநாடியில் 100 சிசி வண்டி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். பின்னால் ஆள் இருந்தால் இன்னும் மோசம். இது நிஜமான தேவை. இந்தக் குறை உங்களுக்கு வாரத்துக்கு நாலு தடவை வருகிறது என்றால் மேலே படியுங்கள்.

"பெரிய வண்டி" என்பது ஒரே விஷயம் இல்லை

இங்கேதான் நான் ஏமாந்தேன். சிசி ஏறினால் எல்லாமே ஏறும் என்று நினைத்தேன். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 349 சிசி, சுமார் 20 ஹெச்.பி., எடை 195 கிலோ. அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி: சிசியில் பாதிகூட இல்லை, ஆனால் 17.5 ஹெச்.பி. அளவில் கொடுக்கும், எடை 145 கிலோவை ஒட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோவுக்கு எவ்வளவு சக்தி என்று பார்த்தால் சின்ன வண்டிதான் கொஞ்சம் மேலே நிற்கிறது. பிறகு 350-க்காரர்கள் எதற்கு அதை வாங்குகிறார்கள் என்றால், இழுவைக்கு. அதன் டார்க் 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம்மிலேயே (என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதே) முழுசாகக் கிடைக்கும், 160-ல் 15-க்குள்தான். அடிக்கடி கியர் மாற்றாமல், ரெண்டு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினாலும் முக்காமல் போகும். லாரி பக்கத்தில் கடக்கும்போது அடிக்கிற காற்றுக்கு ஆடாது. நாள் முழுக்க 80-ல் போனாலும் உடம்பு அலுக்காது. வேகமாகப் போக வேண்டும் என்று அதை வாங்கினால் ஏமாற்றம்தான். நான் அதற்குத்தான் வாங்கினேன்.

இன்னொரு பக்கம் ட்ரையம்ஃப் ஸ்பீட் 400, கேடிஎம் 390 டியூக் மாதிரி வண்டிகள். ஸ்பீட் 400-ல் 40 ஹெச்.பி., 390 டியூக்கில் 46 வரை, எடை கிளாசிக்கைவிடக் குறைவு. இது வேறு ஜாதி. ஸ்ப்ளெண்டரிலிருந்து நேரே இதற்குத் தாவுவது ஐந்து மடங்கு சக்திக்குத் தாவுவது. கையை ஒரு இஞ்ச் கூடுதலாகத் திருப்பினால் என்ன ஆகும் என்று நம் மணிக்கட்டுக்குத் தெரியாது, மணிக்கட்டு இன்னும் ஸ்ப்ளெண்டரிலேயே இருக்கும். சட்டம் தடுக்காது, அதுதான் சிக்கல். நம் நாட்டில் கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று இருந்தால் போதும், 100 சிசிக்கும் அதே, 1000 சிசிக்கும் அதே. படிப்படியாக ஏற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், அந்தப் படியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். என் கருத்து: 100 அல்லது 125-லிருந்து 150, 160. அங்கே ரெண்டு மழைக்காலமாவது. அதற்குப் பிறகு 350 பக்கமோ 400 பக்கமோ, உங்கள் நோட்டு எதைச் சொல்கிறதோ அது. பாதிப் பேருக்கு 160-லேயே கேள்வி முடிந்துவிடும், அடுத்த வண்டி விளம்பரத்தைப் பார்த்தால்கூடக் கை அரிக்காது.

ரோட்டைக் கணக்கில் எடுங்கள்

கோயம்புத்தூர்க்காரரோ ஓசூர்க்காரரோ சொல்கிற யோசனையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. டெல்டாவில் ரோடு என்பது ஆறும் வாய்க்காலும் விட்ட இடத்தில் போவது. ஆறு வளைந்தால் ரோடும் வளையும். ரோடு மேட்டில், வயல் ரெண்டு பக்கமும் பள்ளத்தில். அகலமும் குறைவு. மாசி, பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், நம் டயர்தான் அவர்களுக்குக் கதிரடிக்கிற மெஷின். காயப்போட்ட நெல்லைச் சுற்றி எல்லைக்கு வைத்த கருங்கல், ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது. அறுவடை மெஷின் வயலிலிருந்து ஏறிய இடத்தில் அரை அடி சேறு. ரிஃப்ளெக்டர் இல்லாத டிரெய்லர். இந்த ரோட்டில் 350-ம் 45-ல்தான் போகும், எக்ஸ்எல்லும் 45-ல்தான் போகும். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் எல்லா சிசியும் ஒன்றுதான், அங்கே வேர்க்கடலை வாங்கிச் சாப்பிடுகிறவர்தான் ஜெயித்தவர்.

அதனால் மாதத்தில் நீங்கள் ஓட்டுகிற கிலோமீட்டரை ரெண்டாகப் பிரியுங்கள். 70-க்கு மேல் நிம்மதியாகப் போக முடிகிற ரோடு (திருச்சி நாலுவழிச் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து நேர்க்கோடுகள்) எவ்வளவு, மற்றது எவ்வளவு. முதல் வகை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால் 350-க்கு அவசரப்பட வேண்டாம். மார்க்கெட்டிங் வேலை, மருந்து ரெப், உர டீலர் என்று நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் அலைகிறவர் என்றால் கணக்கே வேறு, அவருக்கு உடனே தேவை, ஏன் இத்தனை நாள் பொறுத்தார் என்று கேட்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வண்டி மாற்றுவதை நான் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன், அது பிரேக். 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கட்டாயம். 125-ம் அதற்குக் கீழும் அப்போது சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் ரெண்டு சக்கரத்திலும் பிடிக்கிற அமைப்பு) இருந்தால் போதும் என்றார்கள். மழையில் நனைந்த வைக்கோல் மேல் பதறிப்போய்ப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு தடவை வழுக்கி விழுந்தவருக்குத் தெரியும். ஆனால் ஏபிஎஸ் நிற்கிற தூரத்தைக் குறைத்துவிடும் என்று நம்பி வேகமாகப் போகாதீர்கள், நெல் மேலும் வைக்கோல் மேலும் நிற்கிற தூரம் கூடத்தான் செய்யும். விழாமல் நேராகப் போய் இடிக்கலாம், அவ்வளவுதான். ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கிற மாடல் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே எடுங்கள்.

உங்களைச் சோதிக்கிற இடம்

என் முதல் 350 வந்து ஒரு மாதம் இருக்கும். குறுவை நடவு சமயம். வெண்ணாற்றங்கரையில் வந்துகொண்டிருந்தேன், எதிரே டிராக்டர். ஒதுங்கி நின்று வழிவிடலாம் என்று ஓரம் கட்டி இடது காலை ஊன்றினேன். ஊன்ற அங்கே தரையே இல்லை, கரை சரிந்து இறங்குகிறது. ஸ்ப்ளெண்டர் என்றால் தொடையால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பேன். இது 195 கிலோ. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, என்னையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. இழுக்கிறேன், பிடிக்கிறேன், ஒரு சாண் எழும்பி மறுபடியும் படுத்துக்கொள்கிறது. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் கையில் சேற்றோடு ஏறி வந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அதில் வயதில் மூத்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, ஒத்த ஆளா தூக்க முடியாத வண்டிய எதுக்கு தம்பி வச்சிருக்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது யார் என்னிடம் வண்டி மாற்ற யோசனை கேட்டாலும் முதலில் அந்த அக்கா கேட்டதையே கேட்கிறேன்.

ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 195. நடுவில் 83 கிலோ. கொள்முதல் நிலையத்தில் கட்டுகிறார்களே 40 கிலோ சிப்பம், அதில் ரெண்டு. ஓடும்போது அது தெரியாது. நிற்கும்போதும், தள்ளும்போதும், திருப்பும்போதும், விழும்போதும் தெரியும்.

ஆகவே சோதனைகள். களத்துமேடு, பள்ளிக்கூட மைதானம், எது கிடைத்தாலும் சரி, முதலில் உங்கள் சின்ன வண்டியிலேயே செய்யுங்கள். சின்ன வண்டியில் வராதது பெரிய வண்டியில் வரவே வராது.

மெதுவாக ஓட்டுவது. முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, நடக்கிற வேகத்தில் 30 மீட்டர், கால் தரையில் படாமல். அப்புறம் ரெண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போடுவது, லைசென்ஸ் எடுத்த அன்று போட்டதற்குப் பிறகு யாரும் போட்டிருக்க மாட்டோம். அப்புறம் ரோட்டின் அகலத்துக்குள் ஒரே மூச்சில் யூ திருப்பம், பார்வை டயரில் இல்லாமல் போக வேண்டிய பக்கம் இருக்க வேண்டும். கரை ரோட்டில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த மூன்றும்தான், டாப் ஸ்பீடு இல்லை.

அடுத்து முன் பிரேக். நம்மில் பெரும்பாலானோர் பின் பிரேக்கால் மட்டுமே ஓட்டி வளர்ந்தவர்கள், "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவ" என்று சித்தப்பா சைக்கிள் கற்றுக்கொடுத்த காலத்தில் சொன்னது காதிலேயே நிற்கிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாயும், முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் இலேசாகிவிடும். ஆகவே வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. சட்டென்று கவ்வாமல், சாறு பிழிவதுபோல் ஆரம்பத்தில் மெதுவாகவும் போகப்போக அழுத்தியும் பிடிக்கப் பழக வேண்டும், கைப்பிடி நேராக இருக்கும்போது மட்டும். காய்ந்த நல்ல தார் ரோட்டில், ஓரளவு தேர்ந்த கைக்கு, பார்த்துச் சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்தால், 60-லிருந்து நிற்க சுமார் 40 மீட்டர் ஆகும். 80-லிருந்து 60 மீட்டருக்கு மேல். வேகம் மூன்றில் ஒரு பங்கு ஏறியது, தூரம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பெரிய வண்டியில் 80 என்பது 60 மாதிரி அமைதியாக இருக்கும், மாடு குறுக்கே வரும் வரைக்கும்.

கடைசியாகத் தூக்குவது. இதற்குப் பலத்தைவிட முறை முக்கியம், அது எனக்கு அன்று தெரியாது. விழுந்ததும் முதலில் என்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கி அந்தப் பக்கம் சாய்த்துவிடுவீர்கள். உருண்டு ஓடாமல் இருக்க கியரில் போடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் இடுப்பைக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் இன்னொரு கையால் பின்னால் இருக்கிற கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். நண்பரின் பெரிய வண்டியை ரெண்டு சாக்கு விரித்துப் படுக்கப்போட்டு இதைப் பழகலாம் (நண்பர் சம்மதித்தால்; என் நண்பர் பிரியாணி கேட்டார்). தூக்க முடிந்தால் வாங்குங்கள். முடியவில்லை என்றால் 181 கிலோ ஹண்டர் 350 மாதிரி கொஞ்சம் இலேசானதைப் பாருங்கள், அல்லது 160-லேயே இன்னும் ஒரு வருடம்.

சீட் உயரத்தைக் கடையின் வழவழப்பான தரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரெண்டு காலின் முன்பாதமும் நன்றாகப் படிய வேண்டும், அதுவும் போதாது, ரோட்டோரச் சரிவில் நிறுத்தி இடது கால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தடி நாலு அங்குல ஆளுக்கு 805 மில்லிமீட்டர் சீட் சமதரையில் சரியாக இருக்கும், வாய்க்கால் கரையில் இருக்காது.

வீட்டில் உள்ளவர்கள்

பின்னால் உட்காருகிறவரைக் கேட்காமல் வாங்குகிற வண்டி பாதி வண்டி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் உயரமான பின் சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்காருவது மலையேறுவது மாதிரி. சேலை கார்டும் அதன் கால் வைக்கிற தகடும் இருக்கிறதா, வைத்தால் சைலன்சர் சூடு காலில் படுமா என்று அம்மாவை உட்காரவைத்தே பாருங்கள். என் முதல் 350-ல் அம்மா ஒரே ஒரு தடவைதான் ஏறினார், மன்னார்குடி கோயிலுக்கு. அதற்குப் பிறகு "நீ போப்பா, நான் பஸ்ஸுல வந்துடறேன்" என்றார்.

வாசலில் சாய்தளம் எவ்வளவு செங்குத்து என்பதையும் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும், வண்டியைத் திண்ணை வரைக்கும் ஏற்றியாக வேண்டும். மழையில், ஈரச் சிமெண்டில், 195 கிலோவை, ராத்திரி பதினொரு மணிக்கு.

காசு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தவணையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேலே 40 சதவீதம். கிளாசிக்கின் 349-க்கும் ஸ்பீட் 400-ன் 398-க்கும் நடுவில் இருப்பது வெறும் 49 சிசி இல்லை என்று இதிலிருந்து புரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றிய வாழ்நாள் வரி, ஒரு லட்சம் வரை விலையுள்ள புது வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூன் அறிவிப்பின்படி வருடத்துக்கு, 75-லிருந்து 150 சிசிக்கு 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1366, 350-க்கு மேல் 2804. புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்.

பெட்ரோல்தான் மாதாமாதம் கடிப்பது. என் ஓட்டம் மாதம் 1500 கிலோமீட்டர். ஸ்ப்ளெண்டரில் லிட்டருக்கு 60 கிடைத்தால் 25 லிட்டர். 350-ல் 35 கிடைத்தால் 43 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 1800 கூடுதல். தவணையோடு இதையும், பெரிய டயருக்கும் செயின் செட்டுக்கும் ஒரு தொகையையும் கூட்டி, அந்தப் பணத்தை வண்டி வாங்குவதற்கு முன்பே ஆறு மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். கை கடிக்கவில்லை என்றால் வாங்கலாம், ஆறு மாதப் பணம் முன்பணமாகவும் ஆகிவிடும்.

ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் ஒதுக்கிய பிறகு மிச்சத்தில் வண்டியைத் தேடுங்கள். சம்பா வயலோரம் ராத்திரியில் 70-ல் வரும்போது கண்ணாடி இறக்காத ஹெல்மெட்டுக்குள் பூச்சி புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பார்த்து, ஓட்டி, எடுப்பது

ஷோரூமில் கொடுக்கிற ரெண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. புது வண்டி வாசனையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அந்த மாடல் வைத்திருக்கிற சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாங்கி ஓட்டுங்கள்: காலையில் ஊர்க் கரை ரோடு, பகலில் கும்பகோணம் கடைத்தெருவின் நெரிசல், சாயந்தரம் பின்னால் ஆளை வைத்து மெயின் ரோடு. கும்பகோணம் நெரிசலில் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை வலிக்கிறதா, காலில் என்ஜின் சூடு அடிக்கிறதா, இதெல்லாம் அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியும்.

பழைய வண்டியாக எடுப்பதை நான் ஆதரிப்பேன், முக்கியமாக நடுப்படிக்கு. 160-ஐப் பழசாக வாங்கி மூன்று வருடம் ஓட்டி விற்றபோது எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் அது நீக்கப்பட்டதா என்று பாருங்கள், என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் நேரில் ஒத்துப் பாருங்கள், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கடலோரம் ஓடிய வண்டி என்றால் உப்புக் காற்றில் ஸ்போக் கம்பியும் சைலன்சர் அடிப்பக்கமும் துரு பிடித்திருக்கும், குனிந்து பாருங்கள். முடிந்தால் அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர். கருவை முள் குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். ட்யூப் உள்ள பெரிய வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்ததும் "தஞ்சாவூர்லயே பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிடுகிற பஞ்சர் கடைகள் இன்னும் இருக்கின்றன.

வண்டி வந்து முதல் ஆயிரம் கிலோமீட்டர், அது புதுசோ பழசோ, தனியாக, பகலில், தெரிந்த ரோட்டில். பின்னால் ஆளை ஏற்றுவது அதற்கப்புறம். என்ஜின் பழகுவதற்கு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், உண்மையில் பழக வேண்டியது நாம்.

பழைய சின்ன வண்டியை விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லையென்றால் விற்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ரோடு முழுக்கத் தென்னை மரம் விழுந்து கிடந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு அரிசியும் தண்ணீர்க் கேனும் கொண்டு போனோம். மரம் குறுக்கே கிடந்த இடத்திலெல்லாம் ஸ்ப்ளெண்டரை நானும் மச்சானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். அந்த வண்டி இன்னும் இருக்கிறது, வயலுக்கு அதில்தான் போகிறேன். அதற்கு இன்று விலை கேட்டால் பத்தாயிரம் சொல்வார்கள், கொடுக்க மாட்டேன்.

விற்பதாக இருந்தால் ஒன்று. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாமல், வாங்கியவர் பெயருக்கு ஆர்.சி. மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் 350-ஐ வாங்கியவர் "நாளைக்கு மாத்திடறேண்ணே" என்று நாலு மாதம் இழுத்தார். அதற்குள் ஹெல்மெட் போடாததற்கு ரெண்டு அபராதம் என் போனுக்கு வந்தது, ரெண்டையும் நான்தான் கட்டினேன்.